மூலை அறைச் சாவி

செப்டம்பர் 6

தலைமையாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுதிப் பள்ளியில் பணியில் சேர்ந்துவிட்டேன். இந்தப் பருவம் முடியும்வரை இங்கேதான். இந்த மலையில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. ஆகவே கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை என்று அக்காவிடம் புகார் சொல்ல வேண்டாம். சிக்னல் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

நீங்கள் கேட்ட விவரம்: நான்காம் வகுப்பு விடைத்தாள்கள் பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. நாம் சூறாவளி என்று கூப்பிடுகிற அந்தப் பெண்ணைப் பற்றிக் கல்வி அலுவலகத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். நாற்காலியைத் தூக்கி வீசுகிற பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லித்தர என்னால் முடியாது. வாசலுக்கு வெளியே நிற்க வைத்தால் நின்றுகொண்டே கதவை உதைக்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இந்த மாதிரி விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் என்னை ஜெயில் வார்டன் என்றீர்கள். வீட்டில் நீங்கள் என் மாமா, என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு போவேன். பள்ளியில் அப்படியில்லை. என் வெள்ளிக்கிழமைத் தண்டனை வகுப்பை ஒரே வரியில் ரத்து செய்தீர்களே, அதை நான் ஆரம்பித்தபோது நம் பள்ளியில் ஜன்னலுக்குக் கண்ணாடிகூடக் கிடையாது. பள்ளி விட்ட பிறகு இருட்டும்வரை மூலை அறையில் நானும் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமைகூட அந்த அறை காலியாக இருந்ததில்லை. அந்த அளவுக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புச் செய்தவர்களைப் பிடித்தேன். அதற்குக் கிடைத்த பட்டம் வார்டன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பின் முன்னாள் வார்டன்

செப்டம்பர் 14

மச்சானுக்கு,

உன் கடிதத்தை உன் அக்காதான் முதலில் பிரித்தாள். படித்து முடித்து என் முன்னால் வைத்து, "அவன் சொல்றதுல என்ன தப்பு?" என்றாள். அன்றிலிருந்து எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தம்பியை மலைக்குத் துரத்திய பாவி நான்.

வார்டன் என்று சொன்னது தப்புத்தான். கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்திலேயே திரும்பப் பெறுகிறேன், நீ வந்து உட்கார். ஆனால் தண்டனை வகுப்பை எடுத்தது தப்பில்லை. நீ தலைகீழாக நின்றாலும் அது திரும்ப வராது.

நம் பிள்ளைகளின் வீடுகளை நீயும் பார்த்திருக்கிறாய். ஒரே அறையில் ஆறு பேர், வாடகை கட்ட முடியாமல் வருடத்துக்கு இரண்டு தடவை வீடு மாறுகிறவர்கள், விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிற அம்மாக்கள். அதட்டல் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது மரத்துப்போய்விட்டது. நாமும் அதட்டினால் அதில் இன்னொரு சத்தம், அவ்வளவுதான். ஆகவே இந்தப் பருவம் முழுக்க மூன்றே விதிகள்: பத்திரமாக இரு, மரியாதையாக இரு, பொறுப்பாக இரு. சுவரில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. குழாயடியில் பொறுப்பாக இருப்பது எப்படி என்று குழாயடிக்கே கூட்டிப்போய்ப் பழக்குகிறோம், வாய்ப்பாடு பழக்குகிற மாதிரி. காலையில் நானே வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்கிறேன். எந்த இடத்தில், எந்த நேரத்தில் சண்டை வருகிறது என்று குறித்துவைத்து அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒரு ஆசிரியரை நிறுத்துகிறோம்.

பரிசும் உண்டு. நன்றாக நடந்துகொண்டால் வகுப்புக்கு நட்சத்திரம். வியாழக்கிழமை மாலைக்குள் பலகை நிரம்பிவிட்டால் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டோடு வீட்டுக்குப் போகலாம். காசு செலவில்லாத பரிசு. எனக்கெல்லாம் அந்த வயதில் அரைநாள் லீவு என்றால் உயிர்.

சூறாவளி விஷயம் பருவ முடிவில் கல்வி அலுவலகக் குழுவுக்கு வருகிறது. அவளை நான் அனுப்பப்போவதில்லை. அவளை வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் இந்த முறையே பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று ஆகிவிடும்.

போகிற கோபத்தில் மூலை அறைச் சாவியைக் கொண்டுபோய்விட்டாய். இருப்பதே ஒரு சாவி. அனுப்பி வை.

அன்புடன்,
உன் மாமா

செப்டம்பர் 25

தலைமையாசிரியர் அவர்களுக்கு,

சாவி என் பெட்டியில் பத்திரமாக, மரியாதையாக, பொறுப்பாக இருக்கிறது. அனுப்புவதாக இல்லை. அனுப்பினால் அந்த அறையில் பெயின்ட் டப்பாவை அடுக்குவீர்கள்.

வாசலில் நின்று வரவேற்கிறீர்களாமே. புதிதாகக் கடை திறந்தவர்கள் ஒரு வாரத்துக்கு அப்படித்தான் நிற்பார்கள். நாலு தடவை பாராட்டிவிட்டுத்தான் ஒரு தடவை திருத்த வேண்டும் என்று உங்கள் புது முறைக்கான பயிற்சியில் சொன்னார்களாம், இங்கே ஒரு ஆசிரியை சொன்னார். சூறாவளியைப் பாராட்ட நாலு காரணம் கிடைப்பதற்குள் அவள் கல்யாண வயதுக்கு வந்துவிடுவாள்.

இந்த இடம் மோசமில்லை. சுத்தமான படுக்கை, நேரத்துக்குச் சாப்பாடு. பிள்ளைகளை யாரும் அடிப்பதில்லை. அவளை இங்கே அனுப்பினால் நீங்கள் நினைப்பது போல ஒன்றும் ஆகிவிடாது.

அக்காவை மருந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மு. வார்டன்

அக்டோபர் 12

மச்சானுக்கு,

பயப்படாதே, அக்கா மருந்து சாப்பிடுகிறாள். எனக்கும் இப்போது காப்பி கிடைக்கிறது.

கடை திறந்து ஐந்து வாரம் ஆகிறது, நான் இன்னும் வாசலில்தான் நிற்கிறேன். குழாயடிச் சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு வரிசையில் நடப்பதைப் பார்த்தால் உன் கண்ணே பட்டுவிடும். எல்லா வகுப்பும் நட்சத்திரம் நிரப்பி வெள்ளிக்கிழமை மதியமே போய்விடுகிறது. நாலாம் வகுப்பைத் தவிர.

எனக்குத் தலை சுற்றுவது இதில்தான். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் உன் வகுப்பு தங்கம். நட்சத்திரம் மளமளவென்று ஏறும். வியாழக்கிழமை மத்தியானம், இன்னும் இரண்டு நட்சத்திரம் வாங்கினால் பலகை நிரம்பும் என்கிற நேரத்தில் சூறாவளி எழுந்திருப்பாள். ஒரு வாரம் நாற்காலி, ஒரு வாரம் தண்ணீர்க் குடம், போன வாரம் உலக வரைபடத்தைக் கிழித்தாள். இருந்த நட்சத்திரமும் போய்விடும், வகுப்பு வெள்ளிக்கிழமை கடைசி மணிவரை உட்கார்ந்திருக்கும். சரி, லீவைக் கெடுத்தாள் என்று மற்றப் பிள்ளைகள் அவளைத் திட்ட வேண்டுமல்லவா? ஒருவர்கூடத் திட்டுவதில்லை. பாவம், அவளுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள் போலிருக்கிறது.

ஒன்றாம் வகுப்பில் படிக்கும் அவள் தங்கையோ, லீவு கிடைத்தும் வீட்டுக்குப் போகாமல் நாலாம் வகுப்பு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அக்கா மேல் அவ்வளவு பாசம். அதற்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தேன்.

குழுவினர் அவளைப் பற்றி நான் குறித்துவைத்ததையெல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதில் இருக்கிறது, என் கையெழுத்தில். பொய் எழுத மாட்டேன். ஆனால் விடவும் மாட்டேன். அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் நானே அந்த வகுப்பில் போய் உட்காரப்போகிறேன். அவள் எழுந்தால் நானும் எழுவேன். இந்தத் தடவை பலகை நிரம்பியே ஆக வேண்டும்.

சாவி?

உன் மாமா

அக்டோபர் 19

தலைமையாசிரியர் அவர்களுக்கு,

நான் சொன்னபோது கேட்கவில்லை. அவளுக்குப் பரிசும் ஒன்றுதான், பாறாங்கல்லும் ஒன்றுதான். வரைபடத்தை அக்காவிடம் கொடுங்கள், துணி ஒட்டித் தைத்துத் தருவாள்.

இங்கே நடக்கிற ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் இங்கே பிள்ளைகள் விளையாடப் போவதில்லை. பெட்டியை அடுக்கிவைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரையும் கூட்டிப்போக யாரும் வருவதில்லை, பஸ் கட்டணம் அப்படி. அது தெரிந்தும் பெட்டியை அடுக்குகிறார்கள். போன வாரம் அவர்களோடு நானும் போய் உட்கார்ந்தேன். வேறு வேலை இல்லை, அதனால்.

மு. வா.

அக்டோபர் 30

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படிக்காதே.

சொன்னபடி வியாழக்கிழமை நாலாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சூறாவளி இரண்டு தடவை எழுந்தாள், இரண்டு தடவையும் பக்கத்தில் போய் நின்று, "நல்லா உக்காந்திருக்கியே, அப்படியே இரு" என்று சொல்லிச் சொல்லி உட்கார வைத்தேன். பலகை நிரம்பியது. நாளைக்கு மதியமே லீவு என்று அறிவித்தேன். ஒரு பிள்ளைகூடக் கை தட்டவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல் ஒரு மடையன் உண்டா சொல்.

மறுநாள் மதியம் மணி அடித்ததும் சத்தமில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் அலுவலக வேலையாக வெளியே போனவன், பஸ் நிறுத்தத்துக் கூரையடியில் அவளைப் பார்த்தேன். மடியில் தங்கை. கூடவே உன் வகுப்பில் பாதிப் பேர். நனைந்த பைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்குப் போகலையாம்மா?" என்றேன்.

"வீடு பூட்டியிருக்கு சார். சாவி அம்மாகிட்ட இருக்கு. ஒரு தடவை நான் தொலைச்சிட்டேன், அதுலேருந்து குடுக்காது."

"அம்மா எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமை லேட்டாத்தான் வரும். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் அன்னைக்குத்தான் சலவைக்கு வரும்."

மற்றவர்களைப் பார்த்தேன். ஒருவனுக்கு, வெள்ளிக்கிழமை கூலி வாங்கிய அப்பா குடித்துவிட்டுப் படுத்திருக்கும் நேரம். இன்னொருத்தி மாமா வீட்டில் இருக்கிறாள், அத்தை இருட்டுமுன் உள்ளே விடுவதில்லை. மற்ற நாட்களில் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமைதான் எல்லாருக்கும் இழுபறி.

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. "அதனாலதான் வியாழக்கிழமை எல்லாத்தையும் உடைச்சியா?" என்று கேட்டேன். அவள் தங்கையின் தலையைத் துடைத்தாள். பக்கத்திலிருந்த பையன், "நாங்கதான் சார் அவகிட்ட சொன்னோம்" என்றான். "ஏன் எப்பவும் இவளே செய்யணும்?" என்றதற்கு அவளே பதில் சொன்னாள்.

"எனக்குத்தான் ஏற்கனவே கெட்ட பேரு இருக்கே சார். அவங்க பேரு ஏன் கெடணும்?"

மச்சான், அந்த மழையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அரைநாள் லீவு என்றால் எனக்கு உயிர் என்று உனக்கு எழுதினேன். என் அம்மா கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பாள், அதனால் உயிர். மற்ற வகுப்புப் பிள்ளைகளை இத்தனை வாரமாக எங்கே அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று ஒரு நாளாவது கேட்டேனா? அத்தனை பேரையும் பள்ளிக்குக் கூட்டிவந்து என் அறையில் உட்கார வைத்தேன். உன் அக்கா துண்டுகளோடு ஓடிவந்தாள்.

அரைநாள் லீவை அன்றே நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில், நட்சத்திரம் நிரப்புகிற வகுப்பு வெள்ளிக்கிழமை மாலை மூலை அறையில் இருக்கலாம் என்று பரிசை மாற்றப்போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், உண்மையைச் சொல். உன் தண்டனை வகுப்பில் என்னதான் நடந்தது?

உன் மாமா

நவம்பர் 8

மாமா,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டுதான் படித்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. முதலில் கையைக் கட்டி உட்காரச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே அலுத்துவிடும். மூலை அறையில் பழைய புத்தகங்கள் கிடந்தன அல்லவா, அதில் கடற்பயணக் கதை ஒன்றை எடுத்துத் தூக்கம் வராமலிருக்கச் சத்தமாகப் படிப்பேன். எனக்குப் பசிக்கும். பிள்ளைகளைப் பார்க்க வைத்துக்கொண்டு எப்படித் தின்பது, அதனால் ஒரு பை நிறைய பன் வாங்கிவைத்திருப்பேன். மின்விளக்கு உண்டு, கதவைச் சாத்தினால் குளிராது. சூறாவளியின் தங்கை ஒரு தண்டனையும் இல்லாமலே வந்து அவள் பக்கத்தில் உட்காருவாள், நானும் போகட்டும் என்று விட்டுவிடுவேன். பேருக்குத்தான் மாமா அது தண்டனை.

அவள் வெள்ளிக்கிழமை காலையில் என் மேஜையில் மை கொட்டுவாள். கொட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "இன்னைக்குத் தண்டனைதானே சார்?" என்று கேட்பாள். திமிர் பிடித்த பெண் என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அவள் இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

என் கண்டிப்புக்குப் பயந்து பள்ளி ஒழுங்காக இருக்கிறது என்று உங்களிடம் எத்தனை தடவை மார்தட்டியிருக்கிறேன். அறை எப்போதும் நிரம்பியிருந்ததைப் பெருமையாக வேறு எழுதினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டது நானல்ல, அவர்கள்தான். வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. உங்கள் பரிசு அவர்களுக்குத் தண்டனை, என் தண்டனை அவர்களுக்குப் பரிசு. நாம் இருவரும் சேர்ந்து ஒரு பள்ளியை நடத்தியிருக்கிறோம், அக்காவுக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் காப்பி கிடையாது.

ஆனால் இப்போது நீங்கள் செய்யப்போவது தப்பு. மூலை அறையை நட்சத்திரத்துக்குப் பரிசாக வைக்காதீர்கள். பலகை நிரம்பாத வாரம் அவள் எங்கே போவாள், பஸ் நிறுத்தத்துக்கா? மழைக்கு ஒதுங்குவதற்கு யாரும் நன்றாக நடந்துகாட்டத் தேவையில்லை. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும், நாற்காலியை உடைத்தவளுக்கும். பரிசு என்று வேறு எதையாவது கொடுங்கள்.

நான் எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறுகிறேன் என்று அலுவலகத்துக்கு இன்றே எழுதிவிட்டேன். அவள் இங்கே வந்தால் பெட்டியை அடுக்கிவைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து உட்காருவாள். அங்கே அந்தச் சின்னவள் யார் வாசலில் உட்காருவாள்?

உங்கள் மச்சான்

நவம்பர் 16

மச்சான்,

நீ சொன்னதுதான் சரி. கதவு எல்லோருக்கும் திறந்தாயிற்று, இப்போதைக்கு என் அறைக் கதவு. மேஜைக்கு அடியில்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கதை படித்தால் யாருக்கும் பிடிக்கவில்லை. கடலில் புயல் அடிக்கிற இடத்தில் நீ குரலை மாற்றுவாயாமே, நான் மாற்றுவதில்லை என்று குறை.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளில் நாலாம் வகுப்பில் ஒரு நாற்காலியும் அசையவில்லை. சூறாவளி தேவதை ஆகிவிட்டாள் என்று நினைத்துவிடாதே. செவ்வாய்க்கிழமை குழாயடியில் ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்தாள். மறுபடி குழாயடிக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினேன். இன்னும் நூறு தடவை பழக்க வேண்டியிருக்கலாம், பழக்குவேன்.

உன் கடிதம் அலுவலகத்துக்குக் கிடைத்துவிட்டது. நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கதை நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நாற்காலி உடைஞ்சது நிஜம்தானே? கடுதாசியெல்லாம் போதாது" என்றார். அனுப்பச் சொன்ன ஆசிரியரே நேரில் வந்து, அவளை என் வகுப்பிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றால் கோப்பை மூடிவிடுவார்களாம். இல்லையென்றால் அடுத்த பருவம் அவள் அந்த மலையில். இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை நம் பள்ளிக்கே வருகிறார்கள்.

இனி உன் இஷ்டம். வார்டன் என்றதைத் திரும்பப் பெற ஆசிரியர் கூட்டத்தை அன்றைக்கே வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக நட்சத்திரக் கணக்கு வைத்திருக்கிறேன், அவள் தன் கணக்கை நிரப்பிவிட்டாள். என்ன பரிசு வேண்டும், மணி அடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு, "ஏதாவது ஒரு சாவி வெச்சுக்கலாமா சார்? தொலைக்க மாட்டேன்" என்றாள்.

பள்ளியில் மற்றச் சாவியெல்லாம் காவலாளியிடம் இருக்கிறது. நான் கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று, அது உன் பெட்டியில் இருக்கிறது.

உன் மாமா

நவம்பர் 21

மாமா,

இங்கே சொல்லிவிட்டேன். புதிய ஆசிரியர் வரும்வரை என் வகுப்புகளையும் சமாளிப்பதாக, நாலு பாராட்டு பற்றிச் சொன்னாரே, அந்த ஆசிரியை ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் படிக்கட்டில் உட்காருகிற பிள்ளைகளுக்குப் படிக்க ஒரு புத்தகமும், புயல் வந்தால் குரலை எப்படி மாற்ற வேண்டும் என்பதையும் அவரிடம் கொடுத்துவிட்டு வருகிறேன்.

இருபத்தெட்டாம் தேதி மதிய பஸ்ஸில் இறங்குவேன். அதிகாரிகளிடம் நானே பேசுகிறேன். அவள் என் வகுப்பு, என் வகுப்பிலேயே இருப்பாள். எழுதிக் கொடுத்த அதே கையால் கையெழுத்துப் போடுகிறேன். அவள் மறுபடியும் நாற்காலி வீசலாம். வீசினால் முதலில் ஏன் என்று கேட்பேன், அதற்குப் பிறகு மற்றது.

ஆசிரியர் கூட்டத்தில் நீங்கள் எதையும் திரும்பப் பெற வேண்டாம். அக்கா கையால் காப்பி போதும்.

இந்த உறையில் சாவியை வைத்திருக்கிறேன். நான் வருவதற்கு முன்னாலேயே அவளிடம் கொடுத்துவிடுங்கள். கயிறு கோத்துக் கொடுங்கள், கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். காவலாளியை வைத்து நகல் எடுக்க வேண்டாம், எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அன்றைக்கு நான் வந்ததும் நேராக மூலை அறைக்குத்தான் போவேன். அதிகாரிகளையும் அங்கேயே கூட்டிவந்து என் பக்கத்தில் நிறுத்துங்கள். அவளை எத்தனையோ நாள் கதவுக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் வெளியே நிற்கிறேன். வகுப்பு முடிந்து அவள் வந்து திறக்கட்டும்.

உங்கள் மச்சான்